சண்டை போடாத ஆள்

ஓட்டலில் அவருக்கு "சமாளி சார்" என்று பெயர். எந்தத் தலைவலி வந்தாலும், "நீங்க சமாளிங்க சார்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்தப் பேச்சே பெயராக ஒட்டிக்கொண்டது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று நின்றே அவருக்குத் தலை நரைத்தது, கால் நரம்பு சுருண்டது.

தலைவலியில் பெரியது, இருக்கிற அறைகளைவிட அதிகம் பேருக்கு அறை கொடுப்பது. மேனேஜரைக் கேட்டால், "புக் பண்றவன்ல பாதிப்பேர் கடைசி நேரத்துல கைவிரிப்பான் சார். ரூம் காத்து வாங்கினா முதலாளிக்கு யார் பதில் சொல்றது?" என்பார். சில நாள் ஒருவர் விடாமல் எல்லோரும் பெட்டியோடு வந்து நிற்பார்கள். அன்றைக்கு ஒரே உத்தரவுதான்: "தனியா வந்தவனா, சத்தம் போடாதவனா பாத்து வேற இடத்துக்கு அனுப்புங்க."

மேசையைத் தட்டியவனுக்கு அறை கிடைக்கும். பொறுமையாக நின்றவனுக்கு நடை. சமாளி சார் அவனுடைய பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அடுத்த தெரு விடுதிவரை போவார். சாவி அவன் கைக்கு வரும்வரை நகரமாட்டார். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது மனைவியிடம், "இன்னைக்கும் ஒரு நல்லவனை நடராஜா சர்வீஸ்ல அனுப்பிட்டேன்" என்பார். சிரிப்பு வராது.

மகள் லிப்ட் பொறியாளர். சுமை சோதனை அவள் வேலை. ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எட்டுப் பேர் லிப்ட்ல கூட ஆள் ஏறினா மணி அடிச்சு நின்னுடும்பா. உங்க ஓட்டல்ல அப்படி ஒரு மணியே இல்லையா?"

"இருக்கேம்மா. நான்தான். ஆனா நான் அடிச்சாலும் லிப்ட் நிக்காது."

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் நெஞ்சு இறுக்கம் ஆரம்பித்தது. மாடி ஏறினால் பாதியில் நின்று, சுவரில் தொங்கும் காலண்டரைப் படிப்பதுபோல் பாசாங்கு செய்வார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் இதயத் துடிப்புப் படத்தைப் பார்த்தார். "தள்ளிப் போடாதீங்க" என்று சொல்லி ஒரு நிபுணரின் பெயரை எழுதிக் கொடுத்தார். நிபுணரின் கிளினிக்கில் காலை பத்து மணிக்கு நேரம் கிடைத்தது.

முதல் தடவை அவரோடு போனது மனைவி. அன்று மாலை மகளுக்குப் போன் வந்தது.

"உங்கப்பா பண்ணின கூத்தைக் கேளு. பத்து மணின்னு கையில சீட்டோட ஆறு பேர் உக்காந்திருக்கோம். ஆறு பேருக்கும் அதே பத்து மணி! அந்த வரவேற்புப் பொண்ணு வந்து, டாக்டர் ஆபரேஷனுக்குப் போகணும், யாராவது வேற நாள் வர முடியுமான்னு கேட்டுச்சு. கேட்டு வாய் மூடல, இந்த மனுஷன் கையைத் தூக்கிட்டாரு. தொடையில கிள்ளினேன். அசையல!"

பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "அந்தப் பொண்ணு மூஞ்சி எனக்குத் தெரியும்டி. நான் கண்ணாடியில பாத்த மூஞ்சி அது."

இரண்டாம் தடவை மகள் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனாள். அன்றும் அதே கூட்டம், அதே பத்து மணி. வரவேற்புப் பெண் இந்த முறை எல்லோரையும் பார்த்துக் கேட்கவில்லை. நேராக அவரிடம் வந்து குனிந்தாள்.

"அங்கிள், நீங்கன்னா புரிஞ்சுக்குவீங்க. அடுத்த வாரம் முதல் ஆளா போட்டுத் தர்றேன்."

மகளுக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. சண்டை போடாத ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அந்த வேலையைக் காலமெல்லாம் செய்தவரையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

"இவர் ஏற்கெனவே ஒரு தடவை விட்டுக் கொடுத்தவர். நெஞ்சு வலியோட வந்திருக்கார். ஒரு நேரத்துக்கு ஒரு ஆள்னு கொடுக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"சிஸ்டம் அப்படித்தான் கொடுக்குதுக்கா. நான் என்ன பண்ண?"

மகள் டாக்டரின் கதவை நோக்கி நடந்தாள். ஒரு காவலாளி குறுக்கே வந்தான். அவனோடு மல்லுக்கட்டித் திரும்பிப் பார்த்தபோது அப்பாவின் நாற்காலி காலி. கைப்பையோடு வாசல்வரை போயிருந்தார்.

"வா கண்ணு. புக் பண்றவன் மேல எங்கேயோ உக்காந்திருக்கான். திட்டு வாங்குறது இந்தப் பொண்ணு. பாவம்."

"நீங்க பாவம் இல்லையாப்பா?"

"எனக்கு அடுத்த வாரம் இருக்கே."

அடுத்த வாரம் அவருக்கு இல்லை. ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் குழாயை மூடாமலே சரிந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் சத்தம் கேட்டுத்தான் மனைவி எட்டிப் பார்த்தாள்.

தகனம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து வீடு வெறிச்சென்று கிடந்தபோது அவருடைய போன் ஒலித்தது. பதிவு செய்த குரல். நாளைக் காலை பத்து மணிக்கு உங்கள் சந்திப்பு, தவறாமல் வரவும், வர இயலாவிட்டால் முன்கூட்டியே தெரிவிக்கவும் என்றது. மகள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கிளினிக் நிர்வாகி வரவேற்பு மேசைக்கே வந்து மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி காட்டினார், வருத்தம் தெரிவித்தார். பிறகு விளக்கினார். "பாதிப்பேர் சொல்லிட்டு வர்றதே இல்ல மேடம். உங்கப்பாவையே எடுத்துக்கங்க, ரெண்டு தடவையும் வரலைன்னுதான் இருக்கு. நாங்க வேற என்ன செய்ய முடியும்?"

"வரலையா?"

வரவேற்புப் பெண் திரையிலிருந்து நிமிர்ந்தாள். மெதுவாகச் சொன்னாள். "வந்துட்டுத் திரும்பிப் போனவங்களுக்குத் தனியா இடம் இல்லக்கா. டாக்டரைப் பாக்கலைன்னா அதுவா 'வரவில்லை'ன்னு விழுந்துடும்."

மகளுக்குக் கணக்கு புரிய ஒரு நொடி போதும். நேரத்துக்கு வந்து காத்திருந்து திருப்பி அனுப்பப்பட்டவர், வராதவர். வராதவர்கள் அதிகம் என்பதால் இன்னும் நாலு பேருக்கு அதே நேரம். அவர்களிலும் சண்டை போடாதவர் வராதவர் ஆவார்.

"நீங்க திருப்பி அனுப்பின ஆளை வராதவன்னு எழுதி, அந்தக் கணக்கை வெச்சே அடுத்தவனையும் திருப்பி அனுப்புறீங்க. இதுக்குப் பேர் சிஸ்டமா?"

நிர்வாகிக்குச் சட்டென்று ஒரு போன் பேச வேண்டியிருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வரவேற்புப் பெண் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். பழைய தேதிகள் இரண்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து 'வந்தார்' என்று மாற்றினாள். பிறகு நாளைய பத்து மணியைத் திறந்தாள்.

"இதை ரத்து பண்ணக் காரணம் கேக்குதுக்கா. 'சொந்தக் காரணம்'னு ஒண்ணு இருக்கு. 'வேறு மருத்துவரைப் பார்த்துவிட்டார்'னு ஒண்ணு இருக்கு."

"சொந்தக் காரணமா? அவரோட காரணம் இதுல என்ன இருக்கு? உங்க காரணம்னு போடு."

"அப்படி ஒண்ணு இல்லக்கா."

"எழுதுறதுக்கு இடம் இருக்கா?"

"கீழ கொஞ்சம் இருக்கு."

"எழுது. ரெண்டு தடவை நேரத்துக்கு வந்தார். ரெண்டு தடவையும் நாங்க பாக்கல. இறந்துட்டார்."

பெண் தட்டச்சு செய்தாள். நடுவில் நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி தட்டினாள். முடிந்ததும் திரையைத் திருப்பிக் காட்டினாள். மகள் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்துவிட்டு, "சேமி" என்றாள்.