அக்காவின் ஒப்பரேசனும் கொட்டாஞ்சேனைப் பூவும்

அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி. அதை எடுப்பிக்கத்தான் இந்த ஆடி மாதம் நாங்கள் இருவரும் வவுனியாவிலிருந்து கொழும்புக்குப் போனோம். இந்த வலைப்பதிவில் இதுவரை கடற்கரை, குளம், அருவி என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்துச் சனம் கொழும்புக்குப் போவது பெரும்பாலும் இரண்டு விசயத்துக்கு: ஒன்று விசா, மற்றது வைத்தியம். ஆகவே இதுவும் பயணக் கட்டுரைதான், போகிறவர்களுக்கு உதவும்.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. என் பதிவுகளின் கீழே இரண்டு வாசகர்கள் மாறி மாறி அடிபடுகிறார்கள், மனிதர் நம்ப வேண்டியது சமயத்தையா விஞ்ஞானத்தையா என்று. நான் பாடசாலையில் இரசாயனம் படிப்பிக்கிறவள். என் பதில் எது என்று கேட்கத் தேவையில்லை. போகும்போது வைத்திருந்த பதில்தான் திரும்பி வந்த பிறகும். அதற்கான காரணம் மட்டும் மாறிவிட்டது.

வவுனியாவில் காலை ஒன்பது மணியளவில் ரயில் ஏறினோம். இரண்டாம் வகுப்பு முன்பதிவு, ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாவுக்குக் கிட்ட. கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கும்போது பின்னேரம் இரண்டரை. அங்கிருந்து வெள்ளவத்தைக்கு எட்டுக் கிலோமீற்றர்தான். முச்சக்கர வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். மசியாமல் நடந்து போய்க் கரையோர ரயிலைப் பிடியுங்கள். ஆளுக்கு நாற்பது ரூபா, கடற்காற்று இலவசம்.

தங்கியது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் உள்ள லொட்ஜில். வழமையாக நாளுக்கு நாலாயிரத்தைந்நூறு. முருகனுக்கு ரதம் இழுக்கும் ஆடிவேல் திருவிழாச் சமயம் என்பதால் ஐயாயிரத்தைந்நூறு கேட்டார் முகாமையாளர். பேரம் பேசிப் பார்த்தேன். "வேலுக்கு வந்த சனம் வாசல்ல நிக்குது, ரீச்சர்," என்றார். வேல்முருகன் எனக்கு நாளுக்கு ஆயிரம் ரூபா செலவு வைத்தார், அதையும் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அத்தான் தவறிய பிறகு முன்பள்ளியில் படிப்பித்துத்தான் வீட்டைக் கொண்டுபோகிறார். நாற்பது வாண்டுகளைக் குரலாலேயே கட்டி மேய்க்கிறவர். கட்டி இருந்த இடமோ குரல்வளைக்குப் பக்கத்தில், தைரொயிட் சுரப்பியில். ஊசி குத்தி எடுத்து இரண்டு தரம் சோதித்தார்கள். இரண்டு தரமும் வந்த பதில் ஒன்றுதான்: புற்றுநோய் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வவுனியாவில் பார்த்த டொக்டர் கொழும்பில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார். வியாழக்கிழமை ஒப்பரேசன் என்று நாளும் கிடைத்தது.

திங்கட்கிழமை பின்னேரம் நிபுணரைச் சந்தித்தோம். வயதில் என்னைவிட இளையவர், சிங்களவர், தமிழ் கொஞ்சம் கதைப்பார். மிச்சத்தை நான் மொழிபெயர்த்தேன். அக்கா நேராகக் கேட்டார்.

"டொக்டர், இது கூடாத கட்டியோ?"

"தெரியாது அம்மா. எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"எடுத்தா என்ரை குரல் போகுமோ?"

அதற்கு அவருடைய தமிழ் போதவில்லை. ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார்: குரல் நரம்பு கிட்ட ஓடுகிறது, கவனமாகத்தான் செய்வோம், சிலருக்குக் கொஞ்சக் காலம் கரகரப்பு வரும், மிகச் சிலருக்கு அது நிற்பதுமுண்டு. எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றும் வரலாம். நான் ஒரு சொல் விடாமல் அக்காவுக்குச் சொன்னேன்.

லொட்ஜுக்குத் திரும்பினோம். அறைக்குள் வந்து மின்விசிறியைப் போட்டுவிட்டு அக்கா சொன்னார்: "அந்தாளுக்கே தெரியாதாம். தெரியாதவன்ரை கையிலை கழுத்தைக் குடுக்கச் சொல்லுறாய்."

"தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுறார் அக்கா. அதுதான் நல்ல டொக்டர்."

"நாளைக்குச் செவ்வாய். கொட்டாஞ்சேனை அம்மனிட்டைப் பூ வைச்சுப் பாப்பம். அவ தெரியாது எண்டு சொல்லமாட்டா."

வெளியூர் வாசகர்களுக்காக: கொட்டாஞ்சேனை கொழும்பின் வடக்குப் பகுதி. பூ வைப்பது என்றால், வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியே மடித்துக் கட்டி, தெய்வத்தின் காலடியில் வைத்து, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. அக்காவின் கல்யாணத்துக்கு இதே கோவிலில்தான் பார்த்தார்கள், ஏனென்றால் அத்தானின் குடும்பம் கொட்டாஞ்சேனை. வெள்ளை வந்தது. அத்தான் தங்கமான மனுசன். அக்காவைப் பொறுத்தவரை அதற்குமேல் சான்று தேவையில்லை. ஒரே ஒரு பரிசோதனையை வைத்து விதி எழுதுகிறீர்கள் என்று நான் சொல்ல, ஆடி மாதத்தில் நல்ல காரியம் தொடங்குவதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். கட்டி ஆடி பார்த்து வளராமல் இருக்கவில்லையே என்றேன்.

எனக்குப் பயம். அதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாளை விட்டால் அந்த நிபுணரிடம் அடுத்த இடம் கிடைக்க மாதக்கணக்காகும். ஆகவே செவ்வாய்க் காலை ஒரே முடிவோடுதான் எழும்பினேன்: பூ எந்த நிறத்தில் வந்தாலும் வியாழக்கிழமை அக்கா ஒப்பரேசன் மேசையில் படுக்கவேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பத்துக் கிலோமீற்றர் சொச்சம். காலி வீதியில் மட்டக்குளி போகும் 155ஆம் இலக்க பஸ்ஸை மறிக்கலாம், மாற வேண்டியதில்லை. ஆனால் அன்று வேல் ரதத்துக்காக வீதியை மாற்றி விட்டிருந்தார்கள். முச்சக்கர வண்டி பிடித்தோம், ஆயிரத்து நூறு ரூபா. ஓட்டுநர் ஹட்டன் பக்கத்துத் தமிழர். கண்ணாடிக்கு மேலே பிள்ளையார், மாதா, புத்தர் மூவரும் வரிசையாக இருந்தார்கள். மருதானைச் சந்தியில் குறுக்கே ஒரு வான் பாய, வண்டி சட்டென்று நின்றது.

"பிரேக் நல்லாயிருக்கு," என்றேன்.

"போன மாசந்தாங்க மாத்துனேன்."

"மூண்டு பேர் பாத்துக்கொள்ள இருக்கினமே, பிரேக் எதுக்கு?"

அவர் சிரித்தார். "அவுங்க பிரேக்கு பாக்க மாட்டாங்கம்மா. நான் ராவுல தூங்குறதுக்கு அவுங்க. வண்டி நிக்குறதுக்கு பிரேக்கு."

அக்கா என்னை முழங்கையால் இடித்தார். ஓட்டுநர் யாருடைய பக்கம் என்று அக்காவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கோவில் வாசலில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். பூக்கடையில் நூறு ரூபாவுக்கு நந்தியாவட்டையும் சிவப்பு அலரியும் கலந்து வாங்கினோம். கேட்கிறவர் தன் கையால் பூ மடிக்கக் கூடாது என்பது முறை. அக்கா பூவையும் வாழையிலைத் துண்டுகளையும் என்னிடம் தந்துவிட்டு, "நீ கட்டு. நான் உள்ளுக்கை நிக்கிறன்," என்று போய்விட்டார்.

கிணற்றடிப் பக்கம் ஒதுங்கினேன். என்னைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. கையில் வெள்ளைப் பூ நிறைய இருந்தது. இரண்டு இலையிலும் வெள்ளையை வைத்தால் காரியம் முடிந்தது. அக்கா பிழைப்பார், அம்மனுக்கும் ஒரு குறையும் வராது. முதல் இலையில் வெள்ளையை வைத்து மடித்தேன். இரண்டாவது இலையிலும் வெள்ளையை வைத்தேன்.

வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. செய்முறைப் பரீட்சையில் விடை முன்பே தெரிந்துகொண்டு பியூரெட் அளவியின் வாசிப்பை அதற்கேற்ப எழுதும் பிள்ளைகளை நான் படுத்திய பாடு கொஞ்சமல்ல. "வந்ததை எழுது, வரவேணும் எண்டு நினைக்கிறதை எழுதாதை" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். பூ வைப்பது எனக்கு நம்பிக்கையில்லாத பரிசோதனைதான். ஆனாலும் அக்கா அதைக் கேள்வியாகத்தான் கேட்கிறார். கேட்கிறவருக்குப் பொய் வாசிப்பைக் கொடுத்துவிட்டு, நாளைக்கு எந்த முகத்தோடு என் பக்கம் உண்மை இருக்கிறது என்பேன்? எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. வெள்ளையை எடுத்துவிட்டுச் சிவப்பை வைத்துக் கட்டினேன்.

குருக்கள் இரண்டு பொட்டலத்தையும் அம்மனின் காலடியில் வைத்து, தீபம் காட்டி, தட்டில் கொண்டுவந்து நீட்டினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். பிரித்தார். சிவப்பு.

கோவிலுக்கு எதிரே ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. உளுந்து வடை எண்பது ரூபா, பாலில்லாத பிளேன்ரீ ஐம்பது. அங்கேதான் போய் உட்கார்ந்தோம். அக்காவின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை. இனி எப்படிக் கெஞ்சுவது, யாரை வைத்துக் கதைப்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா வடையைப் பிய்த்தார், வாயில் வைக்கவில்லை.

"ஏனடி சிவப்பை வைச்சனீ?"

எனக்கு விளங்கவில்லை. "வைக்கத்தானே வேணும்?"

"ரெண்டும் வெள்ளையாத்தான் வைப்பாய் எண்டு நினைச்சுத்தானே உன்னட்டைத் தந்தனான். ஒப்பரேசன் ஒப்பரேசன் எண்டு ரெண்டு மாசமா என்ரை உயிரை எடுத்தனீ."

ஆகக் கடைசியில், என் கள்ளத்தனத்தை நம்பித்தான் அக்கா கோவிலுக்கே வந்திருக்கிறார். அவருக்கும் செய்யத்தான் விருப்பம். தனக்காக அம்மன் ஓம், செய் என்று சொல்லவேண்டும், அதை நான் பார்த்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். நானோ பெரிய அரிச்சந்திரன் மாதிரி நடந்து காரியத்தைக் கெடுத்துவிட்டேன்.

"எனக்கு ஏலாமல் போச்சு அக்கா," என்றேன். "வைச்சுப் பாத்தனான். கை வரேல்லை."

அக்கா தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். "நேற்று டொக்டர் இங்கிலீசிலை சொன்னதிலை ஏதும் மறைச்சனியோ?"

"இல்லை. குரல் போகலாம் எண்டதையும் சொன்னனான். ஒண்டுமில்லாமலும் இருக்கலாம் எண்டதையும் சொன்னனான்."

"ஓம். எனக்கு அதுதான் ராத்திரி முழுக்க நெஞ்சுக்கை நிண்டது. இவள் என்னை ஒப்பரேசனுக்குக் கொண்டுபோறதுக்காகக் கூட்டிக் குறைச்சுச் சொல்லுறாளோ எண்டு." அக்கா வடையை ஒருவழியாக வாயில் போட்டார். "இதிலையே கள்ளம் செய்யாதவள் அதிலை செய்திருக்க மாட்டாய். வியாழக்கிழமை போவம்."

"அப்ப அம்மன்?"

"அவவோடை நான் கதைக்கிறன். அது உனக்கு வேண்டாத வேலை."

எழும்பி மறுபடி கோவிலுக்குள் போனார். நான் வெளியே காசு கொடுத்துவிட்டு நின்றேன். என்ன கதைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. திரும்பும்போது பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. நடத்துநரிடம் "வெள்ளவத்த தெகக்", வெள்ளவத்தைக்கு இரண்டு என்று நானே சிங்களத்தில் சொல்லி, ஆளுக்கு எழுபது ரூபாவுக்கு வந்து சேர்ந்தோம்.

வியாழக்கிழமை ஒப்பரேசன் நடந்தது. வெளியே வாங்கிலில் காத்திருந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்றும் சொல்லவேண்டும். தேவாரம் படித்தேன், மனதுக்குள். பின்னூட்டத்தில் சண்டை பிடிக்கிறவர்கள் இதை வைத்து என்னைக் கிண்டலடிக்கலாம், தடையில்லை. அந்த ஓட்டுநர் சொன்ன மாதிரி, வண்டி நிற்க பிரேக் வேண்டும். பிரேக்கைப் போட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருக்கிறவளுக்கு வேறு ஏதாவது வேண்டும். ஆனால் இரண்டையும் ஒன்று என்று என்னால் சொல்ல முடியாது. விஞ்ஞானம் எல்லாம் தெரிந்தது என்பதற்காக நான் அதை நம்பவில்லை. தனக்குப் பிடிக்காத முடிவையும் அது வெளியே சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்காக நம்புகிறேன். அந்த டொக்டர் "தெரியாது" என்றாரே, அந்த ஒரு சொல்லுக்காக.

போகிறவர்களுக்குச் சில விசயம். வேல் நடக்கும் கிழமையில் வைத்தியத்துக்கு நாள் எடுத்தால், வெள்ளவத்தையில் அறையை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள், மின்தூக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள், பிரதி போதாது. சிங்களம் தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் எதையும் மழுப்பாமல் சொல்லுகிறவராக இருக்கவேண்டும். ஒப்பரேசனுக்கு முன் ஒன்றும் குடிக்கக் கூடாது என்றால் கோவில் தீர்த்தமும் குடிக்கக் கூடாது. விடியக் காலையில் கோவிலுக்குப் போனால் கையில் வாங்கித் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். மறுநாள் வீட்டுக்கு விட்டாலும் உடனே ரயில் ஏறாதீர்கள். நாங்கள் மேலும் நாலு நாள் நின்றோம்.

அக்காவின் குரல் முதலில் கரகரத்தது. இப்போது முக்கால்வாசி திரும்பிவிட்டது, வாண்டுகள் மறுபடி அடங்கத் தொடங்கிவிட்டார்கள். எடுத்த கட்டியின் அறிக்கை போன கிழமை வந்தது. புற்றுநோய் இல்லை. சாதாரணக் கட்டி. வாசித்துவிட்டு அழுதேன்.

அக்கா அழவில்லை. "அம்மன் வேண்டாம் எண்டுதானே சொன்னவ," என்றார். "சரியாத்தானே சொல்லியிருக்கிறா."

எடுக்காமல் விட்டிருந்தால் அது சாதாரணக் கட்டி என்று எப்படித் தெரிந்திருக்கும், வாழ்நாள் முழுக்கக் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்திருப்பீர்களே, இரண்டில் ஒன்று எடுத்தால் பாதித் தடவை சரியாகத்தான் வரும் என்றெல்லாம் விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "இதைப் பற்றி எழுதப்போறன் எண்டனீ எல்லோ. பூ சரியாச் சொன்னதையும் எழுது," என்றார்.

எழுத எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. என் கட்சிக்கு இது பாதகம் என்றும் தெரியும். ஆனால் விரும்பாத பூவையும் மடித்துக் கட்டியதால்தான் அக்கா என்னை நம்பிக் கழுத்தைக் கொடுத்தார். ஆகவே எழுதிவிட்டேன்: சிவப்பு வந்தது, கட்டியில் ஒன்றும் இருக்கவில்லை. நாளைக்கு இன்னொரு கட்டி வந்தாலும் நான் அக்காவை அந்த டொக்டரிடம்தான் கூட்டிக்கொண்டு போவேன்.