சொட்டு விழுந்த இடம்

போடியில் என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை. மூக்கு நுனியில் கண்ணாடி. பேசும்போதே நம் சட்டையில் ஒட்டிய நூலைப் பொறுக்கிவிடுவார்.

கல்யாண வீடியோ எடிட் செய்யும் என் கம்ப்யூட்டர் கொதிக்கிறதென்று, உள்ளே குழாய் வைத்துத் தண்ணீர் ஓடவிடத் திட்டம் போட்டேன். முதலில் பம்பை மட்டும் ஒருநாள் ஓட்டி, ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னால் ஒழுகினால் பிழைப்பே போச்சு. அன்றைக்கென்று வெளியில் அவசர வேலை வந்தது.

"தண்ணியவும் கரண்டையும் ஒரே வீட்டுல குடிவைக்கிறியே தம்பி, வெளங்குமா? வெரசாப் போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்று அக்கா ஏலக்காய் முறத்தோடு வந்து உட்கார்ந்தார்.

திரும்பி வந்து பார்த்தால், குழாய்க்கு அடியில் விரித்த தாளில் ஒற்றை ஏலக்காய்.

"அங்கனதான் ஒரு சொட்டு விழுந்துச்சு. காஞ்சுட்டா ஒனக்குத் தெரியாதுல்ல?"

அதற்கு நேர்மேலே இருந்த இணைப்பை இறுக்கினேன். இன்றும் கம்ப்யூட்டர் குளிர்ந்து ஓடுகிறது. முறத்தில் சொத்தைக்காய் அத்தனை கிடக்க, அடையாளத்துக்கு அவர் வைத்தது நல்ல பருமனான பச்சைக்காய். ஒரு சொட்டுக்கு அத்தனை மரியாதை எதற்கென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.