தமிழில் முப்பதுக்கு எட்டு

பல்கலைக்கழகத்தின் கடைசி செமஸ்டரில் விருப்பப் பாடமாக நான் எடுத்தது தொடக்கநிலைத் தமிழ். தமிழே தெரியாத மலாய், சீன மாணவர்களுக்கான வகுப்பு அது. வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசுகிறவன் அங்கே போய் உட்கார்ந்தது ஏன் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு ஒரு 'ஏ' வாங்கிவிடலாம் என்ற பேராசைதான். முதல் நாளே விரிவுரையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு எதுக்குத் தம்பி இந்த கிளாஸ்?"

"ரிவிஷன் லா, மேடம்" என்றேன்.

உண்மையில் எனக்குப் பேசத்தான் தெரியும். படிக்க ஓர் எழுத்தும் தெரியாது. கேரித் தீவில் இருந்தவரை அக்கா தமிழ்ப்பள்ளியில் படித்தாள். கிள்ளான் நகருக்குக் குடிவந்த பிறகு அப்பா, அம்மா இருவருக்கும் ஷிப்ட் வேலை. அதனால் என்னை நடந்தே போகக்கூடிய மலாய்ப் பள்ளியில் சேர்த்தார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை, ஒரே ஓர் எரிச்சலைத் தவிர. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எனக்கான செய்தியை அம்மா குரலில் பதிவுசெய்து அனுப்புவார். அக்காவிடம் என்னைப் பற்றிப் பேச வேண்டுமானால், அதே குரூப்பில், என் கண் முன்னாலேயே தமிழில் தட்டிவிடுவார். அக்கா கீழே சிரிக்கிற பொம்மை போடுவாள். என்னைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருந்திருக்கும்.

எழுத்துதானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பாதி வகுப்புக்கு மட்டம் போட்டேன். இடைத்தேர்வு முழுக்க எழுத்துத் தேர்வு. முப்பதுக்கு எட்டு. பாடத்தைக் கைவிடுவதற்கான தேதியும் தாண்டிவிட்டது. இதில் தேறாவிட்டால் பட்டம் அரை வருடம் தள்ளிப்போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தமிழில் ஃபெயில் என்று அம்மாவிடம் எந்த முகத்தோடு சொல்வது? விடைத்தாளை நான்காக மடித்து ஜீன்ஸ் பாக்கெட்டில் திணித்தேன். அத்தோடு அதை மறந்தும் போனேன்.

அந்தத் தேர்வில் இருபத்தெட்டு வாங்கியவள் ஒரு மலாய்ப் பெண். தாதியர் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக்குப் போன வார்டில் தமிழ் நோயாளிகள் வலி எங்கே என்று சொன்னது புரியவில்லையாம். அதற்காகவே இந்த வகுப்பில் சேர்ந்திருந்தாள். என்னைப் போலவே கிள்ளானிலிருந்து வகுப்பு நடந்த பிரிக்பீல்ட்ஸ் வரை கொமுட்டர் ரயிலில் வருகிறவள். எழுத்துகளை அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்திருந்தாள். எதைக் கொடுத்தாலும் வாசிப்பாள்; பாதிக்கு அர்த்தம் தெரியாது. எனக்கோ நேர்மாறு.

"நீங்க பேச சொல்லிக் குடு, நான் எழுத்து சொல்லிக் குடுக்கறேன். ஓகே அண்ணே?" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வேறு வழி? போக வர ரயிலில் ஒரு மாதம் பாடம் நடந்தது. அவள் அட்டையை நீட்டுவாள், நான் திணறுவேன். எதிரில் உட்கார்ந்திருந்த அங்கிள் ஒருவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, சுபாங் ஜெயாவில் இறங்கும்போது, "ரொம்ப நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை தெரியவில்லை.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவள் அட்டைகளை வீட்டில் மறந்துவிட்டு வந்தாள். "உங்க போன்ல தமிழ் இருக்கா?" என்று கேட்டாள். குடும்ப குரூப்பைத் திறந்து கொடுத்தேன். அம்மாவின் கிண்டலை ஒரு தடவையாவது கேட்டுவிடலாம் என்ற ஆசை. அவள் மேலே தள்ளிக்கொண்டே போய் நீளமான ஒரு செய்தியில் நிறுத்தினாள். விரலை வைத்து, எழுத்து எழுத்தாக, மலாய் ராகத்தில் வாசித்தாள்:

"துணி துவைக்கறப்ப அவன் பாக்கெட்ல பேப்பர் பாத்தேன். தமிழ்ல எட்டு மார்க். பக்கத்துல இருக்குன்னு மலாய் ஸ்கூல்ல போட்டது நான்தானே, அவன் என்ன பண்ணுவான். ஃபெயிலானாலும் நீ ஒன்னும் கேக்காத. அவனா சொல்லட்டும்."

வாசித்து முடித்த பெருமையோடு நிமிர்ந்து, "துவைக்கறப்பன்னா என்ன அண்ணே?" என்றாள்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த மாதம் முழுவதும் அம்மா என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன், முட்டாள்.

அதன் பிறகு அந்த ஒரு வாரம் நான் படித்த படிப்பு, அந்தப் பெண்ணே பயந்துபோகிற அளவுக்கு இருந்தது. முடிவு வந்தபோது அவளுக்கு 'ஏ', எனக்கு 'சி'. வாழ்க்கையில் எந்த 'ஏ'யும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை. ஒரு கடைப் பெயர்ப்பலகையைப் படித்தால்கூட அவளுக்கு மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

முடிவு வந்த அன்று வீடு திரும்பும்போது, ரயிலுக்குக் காத்துக்கொண்டே குரூப்பில் தமிழில் தட்டினேன். இரண்டு வரிக்குப் பத்து நிமிடம் ஆனது.

"அம்மா, தமிழ்ல மொதல்ல எட்டுதான் எடுத்தேன். இப்ப பாஸ். மலாய் ஸ்கூல்ல போட்டதுக்கு எனக்குக் கோவமே இல்ல."

முதலில் அக்காதான் எழுதினாள்: "ஐயோ, இனிமே நாங்க எங்க போய்ப் பேசறது?"

அம்மா எழுதத் தொடங்குவதும் நிறுத்துவதுமாக இருந்தார். பிறகு வந்தது, எனக்கென்று அவர் தமிழில் எழுதிய முதல் செய்தி: "நீயா சொல்லிட்ட. சீக்கிரம் வா, சோறு ஆறுது."

யார் உதவியும் இல்லாமல் அதை மூன்று முறை படித்து முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது.