புகையறையில் காய்ந்த லொறி

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள இறப்பர் தோட்டத்தில் புகையறை இருளப்பனின் பொறுப்பு. இறப்பர் பாலை உறையவைத்து எடுத்த ஷீட்டுகளை மூங்கில் கம்புகளில் தொங்கவிட்டு, கீழே விறகு கொழுந்துவிடாமலும் அணைந்துபோகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாலைந்து நாளில் ஷீட் தேன் நிறத்துக்கு வந்துவிடும். இருபத்தெட்டு வருடமாக இதே வேலை. சட்டையை எப்படித் துவைத்தாலும் புகை மணம் போகாது. மழை தொடங்கிவிட்டால் வரிசை வீடுகளில் இருக்கும் லயத்துச் சனம் முழுக்க அவரைத் தேடி வரும். பள்ளிக்கூடச் சட்டை, கம்பளி, ஈரம் பட்ட மிளகாய் எல்லாம் புகையறை மூலையில்தான் காயும். தோட்டத்தை நடத்தும் துரைக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

மகன் ஸ்ரீதரனுக்கு இருபத்தாறு வயது. டவுன் கராஜில் ஓட்டோ பழுது பார்த்தவன். இரண்டு வருடத்துக்கு முந்திய மழையில் வீட்டின் பின்சுவர் மண்ணோடு சரிந்து அவன் இடுப்பில் விழுந்தது. இப்போது கட்டில்தான் அவனுக்கு எல்லாம். கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியாமல் இருந்தது.

ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான்களை டவுனில் விற்கிற அக்ரம், ரிமோட்டில் ஓடும் ஒரு விளையாட்டு லொறியைக் கொடுத்தனுப்பினார். முழங்கை நீளம், உடம்பைவிடச் சக்கரம் பெரிது. உள்ளே பல் உடைந்த கியர், எண்ணெய் ஒழுகும் ஷொக் அப்சோர்பர், துருப்பிடித்த பெயரிங். இதை ஓடவைத்தால் கடையில் கிடக்கும் மற்ற பதினொன்றையும் பழுது பார்க்கும் வேலை ஸ்ரீதரனுக்குத்தான், இல்லாவிட்டால் எல்லாம் பழைய இரும்புக்குப் போகும் என்று சொல்லியிருந்தார்.

ஆறு வாரம் அவன் அதோடு கிடந்தான். பெயரிங்குகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்தான். கழன்ற டயரை ரிம்மில் ஒட்ட இருளப்பன் சிரட்டையில் இறப்பர் பால் கொண்டுவந்து நீட்டினார். நம்ம பால் ஒட்டாத பொருளே இல்லை என்பது அவருடைய நம்பிக்கை. வேகத்தில் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று மகன் அதைத் தள்ளிவைத்து, சுப்பர் குளூ வாங்கிவரச் சொன்னான். அப்பனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

ஒருநாள் காலை இருளப்பன் ரிமோட்டைப் பிடிக்க, லொறி வாசலில் ஓடியது. ஸ்ரீதரனின் அம்மா வெள்ளையம்மா அடுப்பை விட்டுவிட்டு வந்து பார்த்தாள். சேற்றில் பாய்ந்து, கல்லில் ஏறி, குப்புற விழுந்தது. வலிக்கு மாத்திரை போட்டிருந்த ஸ்ரீதரன், கழுவிக் காயவையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணயர்ந்தான். ஒவ்வொரு முறையும் பெட்டரியைக் கழற்றுவது அவன் வேலை. அன்றைக்கு அது விட்டுப்போனது. இருளப்பன் பிரஷ் போட்டு நன்றாகக் கழுவினார். வெளியே தூறல். காயவைப்பது என்றால் அவருக்கு ஒரே இடம்தான். ஷீட்டுகளுக்கு நடுவே, சூடு நன்றாகப் படுகிற கம்பில் தொங்கவிட்டார்.

பகல் சாப்பாட்டுக்குப் போகும்போது எடுத்துப் பார்த்தார். பெட்டரி பூரி மாதிரி உப்பி, மூடியைப் பிளந்துகொண்டு நின்றது. மேல்கூடு தேயிலைச் சாயம் ஏறியது போல் பழுத்திருந்தது.

ஸ்ரீதரன் வாங்கிப் பார்த்தான். உப்பிய பெட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும் என்று பார்த்துக் கழற்றினான். மணல் போட்ட டின்னில் வைத்து, வீட்டுக்குத் தூரமாகக் கொண்டுபோய் வைக்கச் சொன்னான். வைத்துவிட்டுத் திரும்பிய இருளப்பன் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.

"வரும்போதே உப்பிதான் இருந்துச்சுன்னு சொல்லிருவோம்டா. பழைய சாமான்தானே. யாருக்குத் தெரியப் போகுது?"

மகன் போனை எடுத்தான். அக்ரமை அவன் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான்.

"அக்ரம் நானா, பெட்டரி என்கிட்ட இருக்கிறப்பதான் கெட்டுச்சு. மத்ததெல்லாம் சரியா இருக்கு. வேற பெட்டரி போட்டு நீங்களே பாத்துக்கங்க."

போனை வைத்துவிட்டு லொறியைத் துடைக்கத் தொடங்கினான். 

மறுநாள் பின்னேரம் அக்ரமே ஏறி வந்தார், கையில் ஒரு பெட்டரியோடு. லொறியைத் தூக்கி மூக்குக்குக் கிட்டே பிடித்துவிட்டு, இருளப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

"நாந்தான் வச்சேன் மொதலாளி," என்றார் இருளப்பன். "துணி காயப்போடுற மாதிரி நெனச்சுட்டேன். பையன் மேல குத்தமில்ல."

"அதான் புகை மணக்குதே அண்ணன்." அக்ரம் கட்டில் பக்கம் திரும்பினார். "உங்க வாப்பாதான் செஞ்சதுன்னு நீங்க ஏன் சொல்லல்ல?"

"வேலய ஏத்துக்கிட்டது நான்தான், அக்ரம் நானா."

அக்ரம் பெட்டரியை மாட்டி, ரிமோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கட்டிலிலிருந்து வாசல் தெரியாது. ஸ்ரீதரன் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டான். லொறி மேட்டில் ஏறியது, தண்ணீர் ஓடும் கானைத் தாண்டியது, திரும்பியது. அக்ரம் உள்ளே வருவதற்குள் அவனே சொன்னான்: "பின் கியர் கத்துது. இன்னொரு தரம் கழட்டணும்."

"எனக்கு அது கேக்கவே இல்லையே." அக்ரம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "விக்கப் போற சாமானுக்கு இப்பிடி நடந்தா என் கடப் பேர்தான் கெடும். பதினொன்னும் தர ஏலாது. ரெண்டு அனுப்புறேன். பாப்பம்."

வெள்ளையம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றாள். தலையாட்டிவிடு என்று இருளப்பன் மகனுக்குக் கண்ணைக் காட்டினார்.

"மூணா அனுப்புங்க," என்றான் ஸ்ரீதரன். "ஒன்ன ஒடச்சுத்தான் மத்த ரெண்டுக்கும் சாமான் எடுக்கணும்."

 அக்ரம் போனை எடுத்து, கடையில் நின்றவரிடம் மூன்று லொறிகளை எடுத்து வைக்கச் சொன்னார்.