பர்வீன் அக்கா போடச் சொன்ன தாழ்ப்பாள்

அன்று காலை கட்டுப்பாட்டு அறையில் நான் உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கீழக்கரைக்கு வண்டி ஓட்டும் காதர் அண்ணன் கதவருகே வந்து நின்றார். "பர்வீன் லாத்தா மௌத்தாப் போயிட்டாக தங்கச்சி. சுபுஹு தொழுதுட்டு எந்திரிக்கயில நெஞ்சு வலிக்குதுன்னாகளாம்" என்றார். உடனே புறப்பட விடுப்புப் படிவத்தை எடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதப்போன கை நின்றது. அந்த இரண்டு சொற்களும் அக்காவுக்குப் பிடிக்காது. 'பர்வீன் அக்கா இறந்துவிட்டார்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

சிக்கல் ஊருக்கு அப்பால் இருக்கும் நம் சூரிய மின் நிலையத்தில் அவர் மனிதவள அலுவலர். இதைப் படிக்கும் உங்களில் பலரை அவர்தான் வேலைக்கு எடுத்தார். இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆகிவிட்டது. எதையாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயம்தான் காரணம்.

என் நேர்முகத் தேர்வில் மேலாளர், "கல்யாணம் ஆனா வேலைய விட்டுருவியாம்மா?" என்று கேட்டார். ஏதோ உளறிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். அடுத்துப் போனவர் முதுகுளத்தூர் இளைஞர் ஒருவர். கதவு திறந்தே இருந்ததால் அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, கல்யாணம் ஆனா வேலைய விட்டுருவீகளா?"

"நானா? எதுக்கு மேடம்?"

"புள்ளைக்குக் காய்ச்சல்னா யாரு பாப்பாக?"

"எங்க அம்மா... மேடம், இதெல்லாம் சிலபஸ்லயே இல்லையே!"

வெளியே நாங்கள் சிரித்துவிட்டோம். உள்ளே அக்கா மேலாளரிடம் சொன்னார்: "பாருங்க சார், தம்பிக்கு வேர்த்துப் போச்சு. இந்தக் கேள்விய யாருக்குமே வேணாம்னு வச்சுக்குவமா?" அதற்குப் பிறகு அந்தக் கேள்வி யாரிடமும் கேட்கப்படவில்லை.

அக்கா தவறே செய்யாதவர் இல்லை. பேனல் கழுவ வாலிநோக்கம் உப்பளத்திலிருந்து எட்டுப் பெண்களை அழைத்து வந்தார். கண்ணாடி சூடாவதற்குள் விடியலிலேயே முடிக்க வேண்டிய வேலை. உப்பளத்தில் அந்த நேரத்துக்கு எழுந்து பழகியவர்கள் அவர்கள். ஆனால் ஒரே வாரத்தில் ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். 'வேலையில் ஆர்வமில்லை' என்று கூட்டக் குறிப்பேட்டில் அக்காவே எழுதினார். மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாலிநோக்கம் போனார். நின்றுவிட்டவர்களில் ஒருவரான முனியம்மா காலை நீட்டிக் காட்டினாராம். குதிகால் முழுக்கக் கொப்புளம். நாம் கொடுத்த பூட்ஸ் எல்லாம் ஆண்கள் அளவு. துணி திணித்துப் போட்டும் காலில் நிற்கவில்லை.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நல்லாருக்கே! கம்பெனியில பூட்ஸு குடுக்குறதே பெருசு. இதுல அளவு வேற கேக்கவாக்கும்?"

மறுநாள் குறிப்பேட்டை வாங்கித் தான் எழுதியதை எல்லார் முன்னாலும் அடித்தார். 'பூட்ஸ் பெரிது. விசாரிக்காமல் எழுதியது என் தவறு' என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சின்ன அளவு பூட்ஸ் வந்தது. ஐந்து பேரும் திரும்பி வந்தார்கள். முனியம்மா இன்று அந்தக் குழுவின் மேற்பார்வையாளர்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பியபோது மகளுக்கு ஏழு மாதம். ராமநாதபுரத்தில் அவளை என் மாமியாரிடம் விட்டுவிட்டு வருவேன். பதினோரு மணிக்கெல்லாம் மார்பு கனத்து வலிக்கும். கழிப்பறையில் நின்றபடி பாலைப் பீச்சிக் கொட்டுவேன். அங்கே தாழ்ப்பாள் உடைந்திருந்ததால் ஒரு கை எப்போதும் கதவின் மேல் இருக்கும். வீட்டிலோ மகள் பால்மாவைத் துப்பிவிட்டு அழுவாள். பரமக்குடியில் அய்யா தறியில் உழைத்துப் படிக்கவைத்த படிப்பு, எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வரும் முதல் வேலை. அதை விட மனமில்லாமல் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தேன். பிறகு ராஜினாமாக் கடிதத்தோடு அக்கா முன்னால் போய் நின்றேன்.

படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "சொந்தக் காரணம்னா என்ன புள்ள? ஒன் பேரா, ஊரா? உள்ளத எழுதிக் கொண்டா. அப்பறமா எங்க வேணாலும் போ."

வெட்கத்தோடு எழுதினேன்: பால் கட்டிக்கொள்கிறது. பீச்சுவதற்கு இடமில்லை. எடுத்து வைக்கவும் வழியில்லை.

அக்கா அதை இரண்டு முறை படித்தார். "இதுவும் பூட்ஸுதான்" என்றார்.

அந்த வாரமே அவர் அறைக்குப் பக்கத்தில் இருந்த பழைய கோப்பு அறை காலியானது. ஒரு நாற்காலி, ஒரு சின்னக் குளிர்பெட்டி. கதவில் என்ன பலகை மாட்டுவது என்று மேலாளர் தயங்கினார். "பலகை கெடக்கட்டும் சார். உள்ள ஒரு தாழ்ப்பா போடச் சொல்லுங்க, போதும்" என்றார் அக்கா. என் மகள் ஒன்றரை வயதுவரை தாய்ப்பால் குடித்தாள். நான் வேலையில் இருக்கிறேன்.

போன வாரம் அக்காவின் மேசையைக் காலி செய்தவர்கள் பெட்டிகளையெல்லாம் அந்த அறையில் அடுக்கிவிட்டார்கள். தற்காலிகம்தான் என்றார்கள். தற்காலிகம் எத்தனை நாள் என்று கேட்கப் பயமாக இருந்தது. ஆனால் வரும் திங்கட்கிழமை நம் செல்வி பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்புகிறாள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: உள்ள காரணத்தை உள்ளபடி எழுதுவது. மேலாளருக்கு எழுதினேன்: 'பெட்டிகளை எடுக்க வேண்டும். செல்விக்குப் பால் பீச்ச அந்த அறை தேவை.' இந்த முறை கை கூசவில்லை.

மாலைக்குள் பெட்டிகள் போய்விட்டன. உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். சரியாக விழுந்தது.