கொக்கிக்காரர் கண்டுபிடித்த கோளாறுகள்

கொக்கிக்காரர் வேகமான ஆள். ஜீப்பின் பின்னால் இழுவைக் கொக்கி மாட்டி, டிரெய்லரின் பாரத்துக்கேற்ப ஸ்பிரிங்கைச் சரிசெய்து, காலையில் வந்த வண்டியை மதியச் சாப்பாட்டுக்கு முன் அனுப்பிவிடுவார். சாப்பாடு முக்கியம். அது அக்கா வீட்டில். கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அவர் பல தத்துவக் காரணங்கள் சொல்வதுண்டு. அக்கா வீடு நாலு வீடு தள்ளி இருந்ததுதான் அத்தனை தத்துவத்துக்கும் முட்டுக்கொடுத்தது.

அப்பேர்ப்பட்டவரிடம் மாமாவின் ஜீப் மட்டும் மாதக்கணக்கில் நின்றது. மாமா, அதாவது அக்காவின் புருஷன், தச்சர். வேறு ஊரில் பட்டறை போட முடிவுசெய்து, மரமறுக்கும் இயந்திரத்தையும் வீட்டுச் சாமான்களையும் ஏற்றிப் போக ஒரு டிரெய்லர் வாங்கியிருந்தார். போகாமல் இங்கேயே இருந்துவிடுங்கள் என்று கேட்பது கொக்கிக்காரரின் கௌரவத்துக்குக் குறைச்சல். அதற்குப் பதில் கோளாறு கண்டுபிடித்தார். முதலில் கொக்கியின் உயரம் போதாது என்றார். உயர்த்திய பிறகு அதிகம் என்றார். அப்புறம் பின் ஸ்பிரிங்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல். தெரியாததை எப்படிப் பார்த்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

"மாப்ளே, இது ஜீப்பா, கோர்ட்டு கேஸா? வாய்தா மேல வாய்தா வாங்கிட்டிருக்க" என்றார் மாமா கடைசியில். சொன்னதோடு நிற்காமல் வண்டியை வேறொரு கடைக்கு ஓட்டிப்போனார். அவர்கள் அன்றைக்கே பின் ஸ்பிரிங்குக்கு ரப்பர் கட்டை வைத்து, தொங்கிய பின்பக்கத்தைத் தூக்கி, பார்வைக்கு லட்சணமாக நிறுத்திக் கொடுத்துவிட்டார்கள்.

புறப்படும் நாள் காலை. டிரெய்லரை மாட்டியதும் ஜீப்பின் முன்பக்கம் நாலு விரல் மேலேறியதைக் கொக்கிக்காரர் பார்த்தார். டிரெய்லரின் மூக்கு கொக்கியை அழுத்துகிறது. பின்பக்கம் ரப்பரில் நிற்கிறது. முன்சக்கரங்களோ தரையை ஒப்புக்குத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. இறக்கத்தில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் சொன்ன பேச்சுக் கேட்காது.

"மாமா, போகாதீங்க. முன்சக்கரத்துல பாரமே இல்ல."

"ஆரம்பிச்சிட்டான்" என்று மாமா அக்காவைப் பார்த்தார். "இன்னிக்கு முன்சக்கரம். நாளைக்கு ஹாரன் சத்தம் பத்தாதும்பான்."

அக்கா சிரித்தாள். மாமா வண்டியைக் கிளப்பினார். கொக்கிக்காரர் போய் எதிரே நின்றார்.

"மத்ததெல்லாம் பொய் மாமா. கொக்கி மொதல்ல இருந்த உயரமே சரி. விரிசலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இது மட்டும் நெசம்."

மாமா இன்ஜினை அணைத்து, இறங்கிச் சாவியை நீட்டினார். அக்காவின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது.

வேலை மதியத்துக்குள் முடிந்தது. ரப்பரைக் கழற்றி, மூக்கில் ஏற்றியிருந்த இயந்திரத்தை டிரெய்லர் சக்கரங்களுக்கு மேலாக நகர்த்தி, கொக்கியின் இருபுறமும் பாரத்தை முன்னுக்குத் தள்ளும் வில்கம்பிகளைப் பூட்டினார். ஜீப்பின் முன்பக்கம் தணிந்து உட்கார்ந்தது. அவர் ஆயுளில் செய்த மிகச் சுத்தமான வேலை அது. பாராட்டத்தான் ஆளில்லை.

கைதுடைத்துக்கொண்டிருந்தவரிடம் அக்கா வந்தாள்.

"அங்க எங்களுக்குப் பேசி வெச்ச வீட்ட, நாங்க வர்ற வழியக் காணோம்னு போன வாரம் வேற யாருக்கோ விட்டுட்டாங்க, தெரியுமா? பட்டறைக்குள்ளதான் படுக்கப் போறோம்."

அவர் துணியை உதறி, துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"இருந்துடு அக்கான்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டியாடா?"

"கேட்டிருந்தா இருந்திருப்பியா?"

"மாட்டேன்" என்றாள் அக்கா. "ஆனா அந்த வீடாவது கெடச்சிருக்கும்."

ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.