பிடி தளர்ந்ததாக எழுதிக் கொடுத்தேன்

அந்தச் சனிக்கிழமை காலை நிலவறைச் சுடுதளத்தில் ஐந்து பேர் இருந்தோம்: பயிற்றுநர், எங்களோடு வேலைசெய்த ஜேர்மன்காரர் இருவர், மன்னாரிலிருந்து வந்த அண்ணை, நான். இருக்க வேண்டிய ஒருவர் இல்லை. ஆயுத அலமாரிக்குப் பொறுப்பானவர் விடுமுறையில் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் பிஸ்டலைக் கழற்றிப் பார்த்திருப்பார் என்று பின்னாளில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அப்படிச் சொல்வது எனக்கு வசதியாக இருந்தது.

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வங்கிகளுக்கும் கடைகளுக்கும் காசு ஏற்றி இறக்கும் நிறுவனம் அது. யூரோ வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பா உணவகமொன்றில் கோப்பை கழுவினார், அம்மா அலுவலகங்களைத் துப்புரவாக்கினார். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும், வகுப்பில்லாத நாட்களில் செய்யலாம் என்று இந்த வேலையில் சேர்ந்தேன். அண்ணை எனக்கு முன்பே அங்கே இருந்தார். ஆயுதம் தாங்குவதற்கான பரீட்சைக்கு ஜேர்மன் மொழியில் ஒரு தடித்த புத்தகம் படிக்க வேண்டியிருந்தபோது, அவருடைய சமையலறையில் இருந்து அதை வாசித்து விளங்கப்படுத்தியவன் நான்தான். அப்படித்தான் பழக்கமானோம்.

"துவக்குக்குப் பயந்து கடல் கடந்து வந்தனான். இஞ்ச வந்து துவக்கை இடுப்பில கட்டிக்கொண்டு திரியிறன். ஊரில கேள்விப்பட்டால் சிரிக்குங்கள் தம்பி" என்பார். அவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

அந்த வசந்தத்தில் பழைய ரிவால்வர்களை எடுத்துவிட்டுப் புதிய பிஸ்டல்களைக் கொண்டுவந்தார்கள். கைக்கு அடக்கமான, சிறிய, கறுப்புப் பிஸ்டல்கள். பெட்டிக்குள் இருந்து எடுத்தபோது தொழிற்சாலை எண்ணெயின் வாசம் போகவில்லை. சனிக்கிழமை அவற்றைச் சுட்டுப் பழகி, தேர்ச்சிப் புள்ளி எடுத்தால்தான் திங்கள் முதல் வேலைக்குப் போகலாம்.

முதல் இரண்டு ரவைக்கூடுகளும் பிழையில்லாமல் போயின. மூன்றாவதில், நான்காவது வெடிக்குப் பிறகு, பிஸ்டலின் மேற்பகுதி பாதியில் நின்றுவிட்டது. சுட்ட ரவையின் வெற்றுக் கோது வெளியே தெறித்து விழாமல் உள்ளேயே இருந்தது. பயிற்றுநர் வந்து ஒரு கம்பியால் கோதைத் தட்டி எடுத்துத் தந்தார். மறுபடியும் ஆறு வெடி. மறுபடியும் அதே இடத்தில் நின்றது. மூன்றாம் முறையும் நின்றபோது பின்னால் நின்ற ஜேர்மன்காரர் ஒருவர் ஏதோ சொல்ல மற்றவர் சிரித்தார்.

என் மணிக்கட்டு மென்மையானது என்றார் பயிற்றுநர். சிறிய பிஸ்டலைத் தளர்வாகப் பிடித்தால் மேற்பகுதி முழுதாகப் பின்னால் போகாது, அதனால் கோது சிக்கும் என்று விளக்கினார். அவர் சொன்னது பொய்யில்லை, அப்படியும் நடப்பதுண்டு. தன் கையில் எடுத்து ஐந்து வெடி வைத்துக் காட்டினார். ஐந்தும் சுத்தமாகப் போயின. பெட்டி திறந்து ஒரு கிழமைகூட ஆகாத சாமான் பழுதாகாது என்று சொல்லிவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று ஆயுதப் பழுது, மற்றது கையாளும் தவறு. பழுது என்று கீறினால் பிஸ்டலை உற்பத்தியாளருக்கு அனுப்ப வேண்டும், என் தேர்ச்சி செல்லாது, அடுத்த பரீட்சைக்கு டெர்மின், அதாவது தவணை நாள், ஆறு கிழமைக்குப் பிறகுதான். தவறு என்று கீறினால் திங்கட்கிழமை வேலை இருக்கும்.

எனக்கு உள்ளூரத் தெரியும், என் கை தளரவில்லை. மூன்று முறையும் கோது ஒரே விதமாகத்தான் நின்றது. கை தளர்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் வேறு விதமாக நின்றிருக்கும். அதைச் சொல்லத் தேவையான ஜேர்மன் சொற்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து எங்கள் குடியிருப்பில் இருந்த தமிழ்ச் சனத்தின் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவன் நான். அகதி அன்ட்ராக் என்ற விண்ணப்பம், வீட்டு வாடகை உதவி, அரசு தரும் பிள்ளைக் காசு. எல்லோருக்கும் நான் சொல்லிக்கொடுத்த முறை ஒன்றுதான்: அதிகாரி சொல்வதை மறுக்காதேங்கோ, அவர் காட்டுகிற இடத்தில் கையெழுத்தைப் போடுங்கோ, ஒரு பிரதியை வாங்கி வையுங்கோ. அந்த முறையால் பலருக்கு விசா கிடைத்தது. மறுத்துப் பேசியவர்களின் கோப்புகள் வருடக்கணக்கில் கிடந்ததையும் கண்டிருக்கிறேன்.

அண்ணை பக்கத்தில் வந்து நின்றார். "ஒரு கீறுதானே தம்பி. அவங்கள் சொல்லுறதுக்கு ஓம் எண்டிட்டுப் போட்டுவிடும். பேப்பர் சுத்தமா இருந்தால் காணும்."

இரண்டாவது கட்டத்தில் கீறிக் கையெழுத்திட்டேன். பிரதியும் வாங்கிக்கொண்டேன்.

பிஸ்டல்கள் ஆளுக்கொன்று என்று தரப்படுவதில்லை. காலையில் அலமாரியில் இருந்து ஒன்றை எடுத்து, அதன் இலக்கத்தைப் பதிவேட்டில் எழுதி, மாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த இலக்கத்தின் கடைசி மூன்று எண்களை நான் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். அது என் கைக்கு வராமல் பார்த்துக்கொண்டேன். வேறு யார் கைக்கும் போகக்கூடாது என்று யோசிக்கவில்லை. யோசித்தேன், சொல்லவில்லை என்பதுதான் சரி.

மூன்று கிழமை கழித்து ஒரு வியாழக்கிழமை அண்ணை அதை எடுத்தார். பதிவேட்டில் அவருக்குக் கீழே நான் எழுத வேண்டும், அதனால் இலக்கத்தைக் கண்டேன்.

"உம்மட ஆள் இண்டைக்கு என்னோட வாறார்" என்றார், இடுப்பைத் தட்டிக்காட்டி.

"கையை இறுக்கிப் பிடியுங்கோ அண்ணை" என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன்.

வெளியே போகும்போது பிஸ்டலின் அறைக்குள் ஒரு ரவை இருக்க வேண்டும் என்பது நிறுவன விதி. மாலையில் திரும்பியதும், முற்றத்தில் மணல் நிரப்பிய ஒரு குழாயின் முன் நின்று வெறுமையாக்குவோம். ரவைக்கூட்டைக் கழற்றி, மேற்பகுதியைப் பின்னால் இழுத்தால் அறையில் இருக்கும் ரவை வெளியே விழும். அன்று பின்னேரம் நான்கு மணிக்கு ஐந்தாறு பேர் வரிசையில் நின்றோம். அண்ணைக்கு அடுத்தவன் நான். அவர் ரவைக்கூட்டைக் கழற்றினார். இழுத்தார், ஒன்றும் விழவில்லை. இன்னொரு முறை இழுத்தார், அப்போதும் இல்லை. பின்னால் யாரோ அவசரப்படுத்தினார்கள். அவர் பிஸ்டலைத் தன் பக்கம் திருப்பி, இன்னும் பலமாக இழுப்பதற்காக இடது உள்ளங்கையை முன்பக்கத்தில் வைத்து அழுத்தினார். வலது கை விரல் விசையில் இருந்ததை நான் பார்த்தேன். வாயைத் திறக்கவும் செய்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை. அண்ணை கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் என் சட்டையைக் கழற்றி அதைச் சுற்றினேன். "அறை வெறுமைதானே, வெறுமைதானே" என்று அவர் தமிழில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே எனக்கு மட்டும்தான் அது விளங்கியது.

ரவை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையால் போயிருந்தது. இரண்டு சத்திர சிகிச்சை செய்தார்கள். அந்த இரண்டு விரல்களும் பிறகு மடங்கவேயில்லை.

கை காயப்பட்ட ஐந்தாவது கிழமை அண்ணைக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. ஆயுதம் முன்பே சோதிக்கப்பட்டது, அதில் பழுதில்லை, முந்தைய சிக்கலும் கையாளும் தவறே என்று ஊழியர் ஒருவர் எழுத்தில் உறுதிசெய்திருக்கிறார், ஆகவே இது பாரதூரமான கவனக்குறைவு என்று அதில் இருந்தது. அந்த ஊழியர் நான். அண்ணை கடிதத்தை என்னிடம்தான் தந்தார். வாசித்துச் சொல்ல வேறு ஆளில்லை. ஒரு சொல்லையும் மறைக்காமல் வாசித்தேன். அவருடைய மனைவி மேசையருகில் இருந்து அவருக்குப் பாணை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

கடிதத்தை எதிர்த்து மூன்று கிழமைக்குள் வேலை நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். அதையும் நான்தான் எழுத வேண்டும்.

"தம்பி, உம்மட பேர் வராமல் எழுத ஏலுமே?" என்று அண்ணை கேட்டார்.

"ஏலாது அண்ணை."

"அப்ப எழுத வேண்டாம். நீர் படிக்கிற பிள்ளை. ரெண்டு பேருக்கும் வேலை போய் என்ன கண்டது?"

"நான் பொய்க்குக் கையெழுத்துப் போட்டனான்."

"நான்தானே போடச் சொன்னனான்" என்றார்.

அன்றே எழுதினேன். என் கையில் மூன்று முறை கோது சிக்கியதையும், என் பிடி தளரவில்லை என்பதையும், வேலைக்குப் பயந்து கையெழுத்திட்டதையும், அந்த இலக்கத்தைக் கண்டும் அது பழுதென்று அண்ணையிடம் சொல்லாததையும் நான்கு பக்கங்களில் எழுதினேன். என் வாழ்க்கையில் அதுவரை நிரப்பிய தாள்களில் அதிகாரியின் விருப்பத்துக்கு மாறானது அது ஒன்றுதான். எழுதி முடித்ததும் மனம் இலேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை.

நீதிமன்றம் நியமித்த ஆயுத வல்லுநர் பிஸ்டலைக் கழற்றினார். கோதையும் ரவையையும் பற்றி வெளியே இழுக்கும் சிறு கொக்கியின் நுனியில் வெடிப்பு இருந்தது. தொழிற்சாலையிலேயே உலோகம் சரியாகப் பதப்படுத்தப்படாததால் வந்த வெடிப்பு, அது கொஞ்சம் கொஞ்சமாக உடைந்திருக்கிறது என்று அறிக்கை எழுதினார். சில நேரம் பிடிக்கும், சில நேரம் வழுக்கும். பயிற்றுநரின் கையில் ஐந்து முறையும் பிடித்திருக்கிறது. ஆனாலும் குழாய்க்கு வெளியே திருப்பியதும் விசையில் விரல் வைத்ததும் அண்ணையின் தவறுகள் என்றும் அதே அறிக்கையில் இருந்தது. அதுவும் உண்மைதான்.

பொய் அறிக்கை கொடுத்ததற்காக என்னை அந்த மாதமே நிறுத்தினார்கள். பயிற்றுநர் தொடர்ந்து வேலைசெய்தார்.

தீர்ப்புக்கு முன் நிறுவனத்தின் வழக்கறிஞர் சமரசம் பேசினார். நீக்கக் கடிதத்தை மீளப் பெறுவார்கள், அண்ணை தானாக விலகிப் போவார், அதற்கு ஒரு தொகை. பொறுத்தால் இன்னும் கூடக் கிடைக்கும், கையெழுத்திட வேண்டாம் என்று நீதிமன்ற நடையில் வைத்து அண்ணையிடம் மன்றாடினேன். அவர் என் பேனையைத்தான் வாங்கினார். வலக்கையால் எழுதும்போது தாள் நகராமல் இருக்க இடது கையின் மடங்காத விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அண்ணைக்கு நாலாயிரத்து இருநூறு யூரோ கொடுத்தார்கள். நான் எடுக்காத ஒன்பது நாள் விடுமுறைக்கு எனக்கு ஐந்நூற்று நாற்பது. கொக்கியை உத்தரவாதக் காலத்துக்குள் உற்பத்தியாளர் இலவசமாக மாற்றிக் கொடுத்துவிட்டார். ஆக அந்தப் பிஸ்டலால் நிறுவனம் எங்களுக்குக் கொடுத்தது மொத்தம் நாலாயிரத்து எழுநூற்று நாற்பது யூரோ.